லாரி ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்தால் வண்டி ஓடுமா?

கேள்வி, 4 ஆகஸ்ட் 2025
அப்பா நடத்திய புக்கிங் ஆபீஸை இப்போது நான் பார்க்கிறேன். ஊர் நாமக்கல். சொந்த வண்டி 22, அட்டாச் வண்டி, அதாவது எங்கள் ஆபீஸ் மூலம் ஓடும் அடுத்தவர் வண்டி, முப்பது இருக்கும். எல்.ஆர். என்கிற லாரி ரசீது, டிரிப் ஷீட், டிரைவர் கணக்கு எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில் ஓடுகிறது. அதை விற்றவர் பாதுகாப்புக்கென்று தனியாக 60 ஆயிரம் கேட்கிறார். ஹேக்கர்கள் மேர்ஸ்க் மாதிரி பெரிய கப்பல் கம்பெனியைத் தேடிப் போவார்கள், ஐம்பது வண்டி ஆபீஸை யார் சீண்டப் போகிறார்கள்? வீண் செலவு என்றுதான் எனக்குப் படுகிறது. விவரம் தெரிந்த அண்ணன்மார்கள் சொல்லுங்கள்.

4 ஆகஸ்ட், இரவு
தம்பி, 60 ஆயிரம் தேவையா இல்லையா என்பது அப்புறம். "யார் சீண்டப் போகிறார்கள்" என்பதற்கு மட்டும் இப்போதே பதில்: எங்களைச் சீண்டினார்கள். நான் வேலை பார்க்கும் சங்ககிரி லாரி ஆபீஸ், 38 வண்டி, 2019. முழுக் கதை நாளைக்கு எழுதுகிறேன்.

அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். சாஃப்ட்வேர்காரர் தன் ஊரில் உட்கார்ந்துகொண்டே உங்கள் சர்வருக்குள் எப்படி வருகிறார் என்று கேளுங்கள். "ரிமோட் டெஸ்க்டாப், எப்போதும் திறந்துதான் இருக்கும்" என்று சொன்னால் இன்றிரவே மூடச் சொல்லுங்கள். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

5 ஆகஸ்ட்
அந்த வருடம் ஆயுத பூஜை திங்கட்கிழமை, அக்டோபர் 7. ஊருக்கு வந்த வண்டிகளைக் கழுவி வரிசையாக நிறுத்திவிட்டோம். ஆபீஸில் சர்வர் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் கதம்பம். மற்ற கம்ப்யூட்டர்களை அணைத்தோம், சர்வரை மட்டும் அணைக்கவில்லை. சாஃப்ட்வேர்காரர் லீவில் வீட்டிலிருந்தபடியே ஒரு ரிப்போர்ட்டைச் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருந்தார். அவர் உள்ளே வருவதற்காகத்தான் ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து வைத்திருந்தோம். பாஸ்வேர்டு, ஆபீஸ் பெயரும் 123-ம்.

புதன்கிழமை காலை எல்.ஆர். போட உட்கார்ந்த பெண், "சார், ஃபைல் எல்லாம் பேரு மாறியிருக்கு" என்று கூப்பிட்டார். ஒவ்வொரு ஃபைல் பெயரின் வாலிலும் புரியாத எழுத்துகள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: பணம் கட்டினால் திறந்து தருகிறோம். கீபோர்டு இடுக்கில் பூஜைப் பொரி இரண்டு கிடந்தது. அந்தப் பொரியையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

பேக்கப் இருந்தது. தினமும் இரவு 9 மணிக்குத் தானாகவே எடுக்கும், நான்தான் ஏற்பாடு செய்தேன். ஆனால் அது போய் விழுந்த ஹார்டு டிஸ்க் சர்வரின் முதுகிலேயே இரவு பகலாகச் செருகியிருந்தது. சர்வருக்கு எட்டிய இடம் வந்தவனுக்கும் எட்டியது. அதுவும் பூட்டிக் கிடந்தது.

வெளியில் 23 வண்டி லோடோடு ஓடிக்கொண்டிருந்தன. எந்த வண்டியில் யார் சரக்கு, எவ்வளவு அட்வான்ஸ் போயிருக்கிறது, பாக்கி யார் தரவேண்டும், எல்லாம் அந்தப் பெட்டிக்குள். முதலாளி பழைய ஆள், கம்ப்யூட்டர் வந்த பிறகும் கார்பன் போட்ட எல்.ஆர். புத்தகத்தை விடவில்லை. நான்கு படி எழுதுவோம்: சரக்கு அனுப்புகிறவருக்கு ஒன்று, பெறுகிறவருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று, கடைசி மங்கலான படி ஆபீஸுக்கு. அதைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு வண்டி வண்டியாக டிரைவர்களுக்கு போன் போட்டோம். அப்போது பாதி வண்டிகளில்தான் ஃபாஸ்டேக் இருந்தது. அந்த வண்டிகளுக்கு டோல்கேட்டில் பணம் பிடித்த எஸ்.எம்.எஸ். முதலாளி போனில் இருந்ததால், எங்கே போகிறது என்று கேட்காமலே தெரிந்தது. மதியம் 2 மணிக்கு 23 வண்டியும் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஏறிவிட்டன.

பணம் கட்டவில்லை. போலீஸில் புகார் கொடுத்தோம். புது சர்வர் போட்டு, இருக்கிற காகிதத்தை வைத்துக் கணக்கை நிமிர்த்த ஐந்து வாரம் ஆனது.

6 ஆகஸ்ட்
மேர்ஸ்க்கைத் தேடிப் போனார்கள் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா. அதுவே தவறு தம்பி. 2017 ஜூன் 27 அன்று மேர்ஸ்க்கை யாரும் தேடிப் போகவில்லை. அடி உக்ரைனுக்கு. அந்த நாட்டில் வரிக் கணக்குக்குப் பரவலாகப் பயன்படும் எம்.ஈ.டாக் என்ற சாஃப்ட்வேரின் அப்டேட்டில் நச்சு நிரலைச் சொருகிவிட்டார்கள். நாட்பெட்யா என்று பின்னால் பெயர் வந்தது. பின்னணியில் ரஷ்ய ராணுவம் இருந்ததாக 2018 பிப்ரவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் வெளிப்படையாகவே சொல்லின. அங்கே ஒடெஸா ஊரில் மேர்ஸ்க் ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கு சாஃப்ட்வேர் இருந்தது. அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

அந்த நச்சு நிரல் பரவப் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த வருடம் மார்ச்சிலேயே அடைப்பு கொடுத்திருந்தது. அப்படியிருந்தும் நெட்வொர்க்கில் அந்த அடைப்பைப் போடாத கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தால், அதில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளைத் திருடிக்கொண்டு, அடைப்பு போட்ட கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்துவிடும். மேர்ஸ்க் குழுமத்தின் 76 துறைமுக முனையங்களில் 17 முடங்கின. நியூஜெர்சியில் எலிசபெத் முனையத்தின் கேட் திறக்கவில்லை, லாரிகள் மைல் கணக்கில் நின்றன. நம் நாட்டில் நவி மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் நின்றது. கன்டெய்னர் ஏற்றப் போன டிரெய்லர்காரர்களுக்கு எம்.ஈ.டாக் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது.

4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர், 2,500 அப்ளிகேஷன்களைப் பத்து நாளில் மறுபடி நிறுவினோம் என்று அதன் தலைவர் ஸ்னாபே 2018 ஜனவரியில் டாவோஸில் சொன்னார். அந்தப் பத்து நாளும் ஆட்கள் கையாலேயே வேலை பார்த்தார்கள், வாட்ஸப்பில்கூட புக்கிங் எடுத்தார்கள். சரக்கு அளவு 20 சதவீதம்தான் குறைந்தது. நான் திரும்பத் திரும்பப் படிப்பது இந்த இடத்தைத்தான். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர். இருந்தாலும் கப்பல் நிற்கவில்லை.

அவர்களை எழ வைத்தது ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆபீஸ். யார் எந்தக் கம்ப்யூட்டருக்குள் வரலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர் உலகம் முழுக்க சுமார் 150 இருந்தன, எல்லாம் அழிந்தன. ஒன்றிலிருந்து ஒன்று நகல் எடுத்துக்கொள்ளும் என்ற தைரியத்தில், எல்லாம் ஒரே நேரத்தில் போனால் என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. கானா ஆபீஸில் மட்டும் அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிருந்தது. அந்த ஒரு நகல் பிழைத்தது. அதை இன்டர்நெட் வழியாக இங்கிலாந்துக்கு அனுப்பி மற்றதை எல்லாம் எழுப்பினார்கள்.

7 ஆகஸ்ட்
நேற்று கடைசி வரியில் ஒரு பிழை. இன்டர்நெட்டில் அனுப்ப முயன்றார்கள், கானாவின் லைன் மிக மெதுவானது, நாள் கணக்கில் ஆகும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். கானா ஊழியர்கள் யாரிடமும் பிரிட்டிஷ் விசா இல்லை. ஆகவே அங்கிருந்து ஒருவர் ஹார்டு டிஸ்க்கோடு நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு லாரியில் ஏற்றிய சரக்கை வழியில் இன்னொரு லாரிக்கு மாற்றி அனுப்புவோமே, அதே வேலை.

எங்கள் டிஸ்க்கும் அந்தத் திங்கட்கிழமை கழற்றிக் கிடந்திருந்தால் ஐந்து வாரம் அலைந்திருக்க மாட்டோம். இதை எழுதும்போது இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

10 ஆகஸ்ட்
"பெரிய கம்பெனி, பணம் இருக்கிறது, எழுந்துவிட்டது, நமக்கு ஏற்ற உதாரணம் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்.

இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன்ஷையரில் நைட்ஸ் ஆஃப் ஓல்டு என்று ஒரு லாரி கம்பெனி. 1865-ல் தொடங்கியது. கே.என்.பி. என்ற குழுமத்தின் கீழ் சுமார் 500 லாரி ஓட்டினார்கள். 2023 ஜூனில் அகீரா என்ற ஹேக்கர் கும்பல் உள்ளே வந்தது. ஒரு ஊழியரின் சுலபமான பாஸ்வேர்டை ஊகித்து வந்ததாகக் கருதப்படுகிறது. டேட்டா மொத்தமும் பூட்டப்பட்டது. செப்டம்பரில் கம்பெனி திவால் நிர்வாகத்துக்குப் போனது, சுமார் 730 பேருக்கு வேலை போனது. அவர்களிடம் சைபர் இன்ஷூரன்ஸ் இருந்தது. லாரி இருந்தது, டிரைவர் இருந்தார், லோடும் இருந்தது. கடன் கொடுப்பவர்களிடம் காட்டக் கணக்குதான் இல்லை.

அந்தப் பாஸ்வேர்டுக்கு உரிய ஊழியரிடம், உன்னால்தான் போலிருக்கிறது என்று தான் சொல்லவே இல்லை என அதன் இயக்குநர் பின்னால் கூறினார். நல்ல மனிதர். எங்கள் பாஸ்வேர்டு வைத்தது நான். என் முதலாளியும் ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

11 ஆகஸ்ட்
கார்பன் எல்.ஆர். புத்தகத்தை இனியும் வைத்திருக்கவேண்டுமா என்று கேட்டால், ஆமாம், தூக்கிப் போடாதீர்கள். பிரிண்டர் ஓடினாலும் பக்கத்தில் எண் அடித்த புத்தகம் ஒன்று தயாராக இருக்கட்டும்.

17 ஆகஸ்ட்
புத்தகத்தைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகப் புகழ்ந்துவிட்டேனோ என்று ஒரு வாரமாக யோசனை. டிரெய்லர் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "காகிதம் வண்டியைக் காப்பாற்றியது சரி, பணத்தைக் காப்பாற்றியதா?" பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். இல்லை.

எல்.ஆர். புத்தகம் ஓடுகிற வண்டிக்கு உதவியது. ஓடி முடித்த டிரிப்புக்கு உதவவில்லை. சரக்கு சேர்ந்தது என்று பார்ட்டி முத்திரை குத்திக் கொடுக்கும் பி.ஓ.டி. தாளை ஸ்கேன் செய்து சர்வரில் போட்டுவிட்டு, மூலத் தாளை மூட்டை கட்டி மாடியில் போடுவது எங்கள் வழக்கம். இரண்டு மூட்டை மழையில் ஊறி உப்பிக் கிடந்தது. பி.ஓ.டி. இல்லாமல் பாக்கி வாடகை கேட்டால் எந்தப் பார்ட்டி தருவார்? பழகியவர்கள் தந்தார்கள். மற்றவர்களிடம் 3 லட்சத்துக்கு மேல் நின்றுவிட்டது. அட்டாச் வண்டிக்காரர்களுக்கு நாங்கள் தரவேண்டியதை அவர்கள் சொன்ன கணக்கை நம்பியே தந்தோம். யாரும் கூட்டிச் சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறேன்.

அதனால் 11-ஆம் தேதி எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். புத்தகம் முதல் மூன்று நாளுக்கு. பணத்துக்கு, கழற்றி வைத்த பேக்கப் ஒன்றுதான் வழி. இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்று ஆபீஸில், மற்றது உங்கள் வீட்டுப் பீரோவில். சனிக்கிழமை மாற்றுங்கள். ஆபீஸில் இருப்பதும் பேக்கப் ஓடும் அரைமணி நேரம் மட்டும் செருகியிருக்கட்டும்.

23 ஆகஸ்ட்
பேச்சு சர்வரைச் சுற்றியே போகிறது. இப்போது நம் தொழிலில் திருடன் அதிகம் வருவது போன் வழியாக.

எங்கள் டிரைவர் ஒருவருக்குப் போன வருடம் வாட்ஸப்பில் "உங்கள் வண்டிக்கு இ-செலான்" என்று ஒரு செய்தி, கூடவே ஏ.பி.கே. ஃபைல், அதாவது போனில் ஆப் நிறுவும் ஃபைல். போலீஸ் சின்னம், வண்டி எண், எல்லாம் சரியாக இருந்தது. அழுத்திவிட்டார். அது எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் வங்கி ஓ.டி.பி. நேராக அவன் கைக்குப் போகும். டீசலுக்கும் பேட்டாவுக்கும் அனுப்பிய 18 ஆயிரம் பத்து நிமிடத்தில் காணோம். மனுஷன் அழுதுவிட்டார். அவரைத் திட்டாதீர்கள் என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னேன், திட்டினால் அடுத்தவர் மறைப்பார். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே போன் செய்ததில் பாதித் தொகை நிறுத்திவைக்கப்பட்டது. இப்போது டிரிப் ஷீட்டின் மேலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டோம்: செலான் எதுவாக இருந்தாலும் ஆபீஸுக்கு அனுப்பு, நீ திறக்காதே.

இன்னொன்று, தெரிந்த புரோக்கரின் வாட்ஸப்பை யாரோ கைப்பற்றி, "வண்டி ரெடி, ஆர்.சி. போட்டோ இதோ" என்று எங்களுக்கு அனுப்பினான். லோடு, நூல் பேல். ஏற்றப் போகும் நேரத்தில் குடோன் மேஸ்திரிக்கு ஒரு சந்தேகம்: ஆர்.சி.யில் இருப்பது 12 டயர் டாரஸ், வாசலில் நிற்பது 10 டயர். ஆர்.சி.யில் இருந்த உரிமையாளரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், "என் வண்டி எஃப்.சி.க்கு ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறதே" என்கிறார். நாங்கள் போன் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த வண்டி கிளம்பிப் போய்விட்டது. டயர் எண்ணிய மேஸ்திரிக்கு அன்றைக்கு முதலாளி வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார்.

"பாக்கி வாடகையை இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள்" என்று மெசேஜ் வந்தால், ஏற்கெனவே உங்கள் டைரியில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுக் குரல் கேட்டுவிட்டுத்தான் மாற்றவேண்டும். மெசேஜில் வந்த எண்ணுக்கு அல்ல.

31 ஆகஸ்ட்
2019 கதையில் விட்டுப்போன ஒன்று. அந்த வாரமே ஒரு வண்டிக்கு சோலாப்பூர் தாண்டி கியர்பாக்ஸ் போய்விட்டது. லோடை வேறு வண்டிக்கு மாற்றினால், சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லில், வண்டி விவரம் இருக்கும் பார்ட் பி-யில் வண்டி எண்ணை மாற்றவேண்டும். மாற்றாமல் ஓட்டிப் பிடிபட்டால், 2019-ல் இருந்த சட்டப்படி சரக்கின் வரியோடு அதே அளவு அபராதமும் கட்டவேண்டியிருந்தது. போர்ட்டல் அரசாங்கத்துடையது, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பாஸ்வேர்டு செத்த கம்ப்யூட்டரின் பிரவுசருக்குள். புதிதாக வாங்க ஓ.டி.பி. வரவேண்டும். அது போகும் மொபைல் எண் எங்கள் ஆடிட்டருடையது! பதிவு செய்த காலத்தில் அவர் தன் எண்ணையே கொடுத்திருக்கிறார். அவரோ குடும்பத்தோடு ராமேஸ்வரத்தில், போன் அணைந்திருந்தது. வண்டி ஒன்றரை நாள் நின்றது. அப்போதெல்லாம் இ-வே பில் கெடு 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு, அதனால் கெடு முடிவதற்குள் தப்பித்தோம். 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், அவகாசம் இன்னும் குறைவு.

இந்த வருடம் ஏப்ரல் 1 முதல் இ-வே பில் போர்ட்டலில் எல்லோருக்கும் இரண்டாம் அடுக்கு ஓ.டி.பி. கட்டாயமாகிவிட்டது. நல்லதுதான், ஆனால் யார் போனுக்கு வருகிறது என்று உடனே பாருங்கள். ஆபீஸில் இரண்டு பேருக்குத் தனித்தனி துணை லாகின் போட்டு வையுங்கள். ஜூலை 1 முதல் இரண்டாவது போர்ட்டல் ஒன்றும் திறந்திருக்கிறார்கள். முதலாவது நின்றால் இதில் போடலாம், இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும். 2018 பிப்ரவரி 1 அன்று, தொடங்கிய முதல் நாளிலேயே அந்தப் போர்ட்டல் படுத்து, திட்டத்தையே தள்ளிப்போட்டது நினைவிருக்கும். அதைக் கண்டவர்களுக்கு இந்த இரண்டாவது கதவின் அருமை தெரியும்.

14 செப்டம்பர்
தம்பி கூப்பிட்டதன் பேரில் நேற்று நாமக்கல் போயிருந்தேன். ரிமோட் டெஸ்க்டாப் மூடியாகிவிட்டது. டிஸ்க் இரண்டும் வாங்கியாகிவிட்டது. "பேக்கப் தினமும் எடுக்கிறோம், பச்சை டிக் வருகிறது" என்றார். சரி, பீரோவில் இருப்பதைக் கொண்டுவாருங்கள், பழைய லேப்டாப் ஒன்றில் போட்டு ஒரு எல்.ஆர். எடுத்துக் காட்டுங்கள் என்றேன்.

காலை 10 மணிக்கு ஆரம்பித்தோம். சாஃப்ட்வேர் நிறுவும் சிடி யாரிடம் என்று தெரியாது. லைசன்ஸ் எண் அப்பாவின் பழைய டைரியில். டேட்டாபேஸ் ஏறியது, ஆனால் பி.ஓ.டி. ஸ்கேன் ஃபோல்டர் பேக்கப்பில் சேர்க்கப்படவே இல்லை. எங்களுக்கு எது போனதோ அதேதான். மாலை 4:20-க்கு முதல் எல்.ஆர். திரையில் வந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை ஒரு நாள் லோடு போன மாதிரி நினைச்சுக்கடா" என்றார் மகனிடம்.

2023 ஜூலையில் ஜப்பானின் நகோயா துறைமுகத்தில் லாக்பிட் என்ற ஹேக்கர் கும்பல் அடித்தபோது, கன்டெய்னர் முனையங்கள் இரண்டு நாளுக்கு மேல் நின்றன. பேக்கப் வைத்திருந்தார்கள். அதிலும் வைரஸ் கிடந்தது, அதைச் சுத்தம் செய்தே நேரம் போனது. டொயோட்டாவின் சரக்கும் அங்கே மாட்டிக்கொண்டது. எடுத்து வைத்ததைத் திறந்து பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் அந்த 60 ஆயிரம். பட்டியலைப் படித்தேன். அதில் உங்களுக்குத் தேவையானது ஒரு நல்ல ரவுட்டரும், வெளியிலிருந்து வர ஓ.டி.பி. கேட்கும் பாதுகாப்பான வழியான வி.பி.என்.-உம். மற்றதை விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தாமல் விடுவதும், ஆளுக்கொரு பாஸ்வேர்டும் பார்த்துக்கொள்ளும். அந்த இரண்டுக்கு மட்டும் விலை கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

28 செப்டம்பர்
நாமக்கல் தம்பிக்கு ரவுட்டரும் வி.பி.என்.-உம் 19 ஆயிரத்துக்கு முடிந்ததாம். பேக்கப்பை இரண்டாவது முறை திரும்ப ஏற்றிப் பார்த்ததில் 1 மணி 50 நிமிடம், பி.ஓ.டி.யும் வந்துவிட்டது. சிடியும் லைசன்ஸ் தாளும் டிரைவர்கள் போன் பட்டியலும் ஒரே கவரில் பீரோவுக்குப் போயிருக்கிறது.

புதன்கிழமை ஆயுத பூஜை. எங்கள் ஆபீஸில் செவ்வாய் இரவே பேக்கப் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, சர்வரையும் அணைத்துவிடுவோம். வண்டிச் சாவிகள் வைக்கும் தாம்பாளத்தில் அந்த டிஸ்க்கும் இருக்கும். குங்குமம் மேலே மட்டும் வையுங்கள், செருகும் வாயில் பட்டுவிடப் போகிறது.